ஒரு மில்லிமீட்டர் சீட் பெல்ட்: பொம்மைப் போர் விமானங்களுக்குள் இருக்கிற வரலாறு

இன்னைக்கு எபிசோடு ரொம்பச் சின்ன விஷயத்தைப் பத்தினது. சின்னதுன்னா நிஜமாவே சின்னது. அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஒரு மிக்-21 போர் விமானத்தை 48-ல் ஒரு பங்காகச் சுருக்குங்க. பைலட்டைச் சீட்டோடு கட்டிவைக்கிற பட்டை நிஜத்தில் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான அகலம். சுருக்கினா அது ஒரு மில்லிமீட்டருக்குள்ள வந்துடும். இந்தப் பட்டையைப் பித்தளையில் செஞ்சு, பக்கிளோடு சேர்த்துப் பாக்கெட் போட்டு உலகம் முழுக்க விக்கிறாங்க. வாங்கறவங்க இடுக்கியால பிடிச்சு வளைச்சு, சூப்பர் குளூ வெச்சு ஒட்டறாங்க. பட்டை, காக்பிட், சக்கரம், எக்ஸாஸ்ட் குழாய்ன்னு தனித்தனியா வாங்கிச் சேர்த்தா, பல சமயம் அது கிட் விலையையே தாண்டிடும்.

பைக் வாங்கின அடுத்த வாரமே வேற கம்பெனி எக்ஸாஸ்ட், வேற ஹேண்டில்பார்னு மாத்தறோம் இல்லையா? அதே ஆஃப்டர்மார்க்கெட் சமாச்சாரம்தான் இது. ஆனா பைக்ல மாத்தினா ஓட்டறப்போ தெரியும். இந்த விமானம் பறக்காது, அலமாரியில உட்கார்ந்திருக்கும். அப்புறம் எதுக்கு இவ்வளவு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா இரண்டாம் உலகப் போர், பனிப்போர், 1989-ல் கிழக்கு ஐரோப்பா, 2022-ல் உக்ரைன்னு பெரிய வட்டம் அடிச்சு வரலாம்.

பெட்டிக்குள் இருப்பது ஏன் போதவில்லை?

முதல்ல அடிப்படை. பிளாஸ்டிக் கிட் எப்படிச் செய்யறாங்க? பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி, ரெண்டு பாதியா இருக்கிற எஃகு அச்சுக்குள்ள அழுத்தத்தோடு செலுத்துவாங்க. ஆறினதும் அச்சு திறக்கும், பாகம் வெளியே வரும்.

இட்லித் தட்டை நினைச்சுக்கோங்க. குழியோட வாய் அகலம், அடி குறுகல். அதனாலதான் இட்லி கிளம்பி வருது. குழி பானை மாதிரி வாய் குறுகி, வயிறு பெருத்து இருந்தா, இட்லியை உடைக்காம எடுக்க முடியாது. எஃகு அச்சுக்கும் இதே கதைதான். உள்பக்கமா வளையுற வடிவம், பக்கவாட்டு ஓட்டை, பின்னாடி ஒளிஞ்சிருக்கிற குழாய் இதெல்லாம் சாதாரண ரெண்டு பாதி அச்சில் வராது. அதனால அந்த விவரங்களைக் கிட் கம்பெனி எளிமையாக்கிடும், இல்லைன்னா விட்டுடும்.

ரெண்டாவது பிரச்னை தடிமன். பிளாஸ்டிக் அச்சு முழுக்க ஓடி நிரம்பணும்னா சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வேணும். 1/48 அளவில் அதை 48-ஆல் பெருக்குங்க. 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் தகடு! நிஜ போர் விமானத்தோட அலுமினியத் தோல் பல இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதைச் சரியான அளவுக்குச் சுருக்கினா 0.02 மில்லிமீட்டர் வரும். தலைமுடியைவிட மெல்லிசு. பிளாஸ்டிக்கால அந்த இடத்துக்குப் போகவே முடியாது.

ஆக, ஆஃப்டர்மார்க்கெட் ஆடம்பரத்தில் பிறந்ததில்லை. ஒரு பொருளால் செய்ய முடியாததை இன்னொரு பொருளால் செய்யற முயற்சி அது.

விவரமே தேவைப்படாத காலம்

1932-ல் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ்னு மரத்தாலான விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்துச்சு. ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைச்சது. அளவு 1/72. ஏன் 72? ஆறு அடி உயர மனுஷன் 72 அங்குலம். 72-ல் ஒரு பங்குன்னா சரியா ஒரு அங்குலம். கணக்கு சுலபம், அவ்வளவுதான். இன்னைக்கும் உலகத்தில் பரவலா விக்கிற விமானக் கிட் அளவுகளில் அதுவும் ஒண்ணு.

அடுத்து 1942. பேர்ல் ஹார்பர் தாக்குதல் முடிஞ்ச கையோட, அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்கள்கிட்ட ஒரு வேலை கொடுத்துச்சு: விமான மாதிரிகள் 5 லட்சம் வேணும், மரத்தில், 1/72 அளவில். எதுக்கு? வானத்தில் வர்றது நம்ம விமானமா எதிரியோடதான்னு வீரர்கள் கண நேரத்தில் அடையாளம் காணப் பழகறதுக்கு. 1/72 மாதிரியை 35 அடி தள்ளிப் பிடிச்சா, நிஜ விமானம் 2,520 அடி தூரத்தில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். கிட்டத்தட்ட முக்கால் கிலோமீட்டர்.

அந்த மாதிரிகளுக்கு முழுக்க கறுப்பு பெயின்ட். காக்பிட் கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. இறக்கை முனை வட்டமா சதுரமா, வால் எந்தக் கோணத்தில் நிக்குதுங்கிறதுதான் முக்கியம். அதில் தப்பு நடந்தா நம்ம ஆளையே நாம சுட்டுடுவோம். உயிர் போற விஷயம்.

இதை நான் ஏன் சொல்றேன்னா, ‘துல்லியம்’ என்கிறது ஒரே பொருள் இல்லை. எதுக்காகப் பாக்கறோம் என்பதைப் பொறுத்து எது விவரம், எது தேவையில்லாததுன்னு மாறும். 1942-ல் துல்லியம்னா நிழலுருவம். 2020-களில் துல்லியம்னா சீட் பெல்ட்.

ரகசியத்துக்கு ஒரு கிட்

பிளாஸ்டிக் கிட்களை முதல்ல கொண்டுவந்தது பிரிட்டனோட ஃப்ராக் பென்குவின், 1936-ல். போருக்குப் பிறகு, 1953-ல் ஏர்ஃபிக்ஸ் தன்னோட முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டை விட்டுச்சு. மலிவு விலை, பசங்க கைச்செலவுக் காசில் வாங்கலாம். அந்தக் காலத்துக் கிட் பலதிலும் காக்பிட்னா ஒரு பைலட் பொம்மை, மேலே கண்ணாடி மூடி. ஆர்வமுள்ளவங்க மிச்ச பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து ஆன்டெனா செஞ்சாங்க. சிகரெட் பெட்டி ஈயத்தாளை வெட்டிப் பட்டை செஞ்சாங்க. கடை இல்லாத ஆஃப்டர்மார்க்கெட் அது.

பனிப்போர் காலத்தில் இன்னொரு சிக்கல். பார்க்கவே முடியாத விமானத்துக்கு எப்படிக் கிட் செய்யறது? எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இங்கதான் வருது.

1986-ல் அமெரிக்காவோட டெஸ்டர்ஸ் கம்பெனி ‘எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்’னு ஒரு கிட் விட்டுச்சு. ராடாரில் சிக்காத விமானம் ஒண்ணு ரகசியமா பறக்குதுன்னு வதந்தி இருந்த நேரம். அரசாங்கம் வாயே திறக்கலை. கம்பெனியோட வடிவமைப்பாளர் ஜான் ஆண்ட்ரூஸ் கிடைச்ச துணுக்குத் தகவலையும் பொது அறிவையும் வெச்சு ஒரு வடிவத்தை ஊகிச்சார். வழுவழுன்னு வளைஞ்ச, மீன் மாதிரி விமானம். கிட் சக்கைப்போடு போட்டுச்சு. அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சு போச்சு: எங்களுக்கே சொல்லாத ரகசியம் பொம்மைக் கடையில எப்படிக் கிடைக்குது?

1988 நவம்பரில் பென்டகன் நிஜ விமானத்தோட படத்தை வெளியிட்டுச்சு. பேரு எஃப்-117. வளைவே இல்லாம, பட்டை தீட்டின கல் மாதிரி தட்டையான முகங்களாலான விமானம். கிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. எஃப்-19-ன்னு ஒரு விமானம் இருந்ததே இல்லை. ஆனா அதோட கிட் லட்சணமா அசெம்பிள் ஆகி, எத்தனையோ வீட்டு அலமாரியில உட்கார்ந்திருந்துச்சு. இந்தக் கதையை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரப்பர் அச்சும் அமிலத் தொட்டியும்

1980-களில் ரெண்டு தொழில்நுட்பம் இந்தத் துறையை நிஜமான வியாபாரமா மாத்துச்சு.

ஒண்ணு ரெசின் வார்ப்பு. ஒரு கைவினைஞர் முதல் மாதிரியைக் கையால செதுக்குவார். அதைச் சுத்தி சிலிக்கோன் ரப்பரை ஊத்தி அச்சு எடுப்பாங்க. ரப்பர் வளையும் என்பதால, இட்லித் தட்டுப் பிரச்னை இங்க இல்லை. பானை வடிவமா இருந்தாலும் அச்சை வளைச்சு எடுத்துடலாம். உள்ள பாலியூரித்தேன் ரெசினை ஊத்தி, வெற்றிடத்தில் குமிழியை இழுத்துட்டா, சீட் மெத்தையோட தையல் மடிப்புவரைக்கும் வந்துடும். பெல்ஜியத்தோட ஃபிரான்சுவா வெர்லிண்டன் இந்த மாதிரி ரெசின் பாகங்களை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். ரப்பர் அச்சுக்கு ஆயுசு கம்மி, கொஞ்ச வார்ப்பிலேயே கிழிஞ்சிடும். ஆனா செய்யற செலவும் கம்மி.

இன்னொண்ணு ஃபோட்டோ எட்சிங். பித்தளைத் தகடு, தடிமன் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர். மேலே ஒளி பட்டா இறுகற ஒரு பூச்சு. அதுமேல படத்தோட பிலிமை வெச்சு புற ஊதா ஒளி காட்டுவாங்க. ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடத்தைக் கழுவிடலாம். அப்புறம் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டா, பூச்சு இல்லாத உலோகம் கரைஞ்சுபோகும். மிச்சம் இருக்கிறது உங்க சீட் பெல்ட். ஒரு பக்கம் மட்டும் பாதி ஆழம் அரிச்சா மடிக்கிற கோடு கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கு இது பழகின கதை. சர்க்யூட் போர்டு செய்யறதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இந்த ரெண்டுக்கும் பொதுவான விஷயம் முதலீடு. எஃகு அச்சு செய்ய பெரிய கம்பெனி, பெரிய பணம் வேணும். ரப்பர் அச்சுக்கும் அமிலத் தொட்டிக்கும் ஒரு அறை போதும். அடுத்த கதை அதனாலதான் சாத்தியமாச்சு.

தேவாலயம் நகர்ந்த ஊர்

செக் நாட்டோட வடமேற்கில் மோஸ்ட்னு ஒரு ஊர். நிலக்கரி பூமி. கம்யூனிஸ்ட் ஆட்சி காலத்தில், அடியில இருக்கிற நிலக்கரியை எடுக்க பழைய ஊரையே இடிச்சுட்டாங்க. ஒரே ஒரு பழைய தேவாலயத்தை மட்டும் 1975-ல் தண்டவாளம் போட்டு, 841 மீட்டர் தள்ளி நகர்த்தி வெச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்.

இந்த ஊர்ல 1989-ல் எடுவார்ட்னு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சுது. ஆரம்பம் ஒரு வாடகை நிலவறையில். இன்னைக்கு விமானக் கிட் கட்டற யாரைக் கேட்டாலும் ஃபோட்டோ எட்ச்னா முதல்ல சொல்ற பேர்களில் அது ஒண்ணு. ஏரீஸ், சி.எம்.கே.ன்னு இன்னும் பல செக் பட்டறைகள் வரிசையா வந்துச்சு. பக்கத்துல போலந்தில் ‘மாஸ்டர்’னு ஒரு கம்பெனி பித்தளையைக் கடைஞ்சு ஊசி மாதிரி துப்பாக்கிக் குழல்களும் பிட்டோ குழாய்களும் செய்யுது.

ஏன் இந்த மூலையில இவ்வளவு பேர்? நான் யோசிச்ச வரைக்கும் மூணு காரணம். ஒண்ணு, அங்க விமானத் தொழில் ஏற்கெனவே ஆழமா இருந்துச்சு. பிராக் நகரம் பக்கத்துல ஏரோ தொழிற்சாலையில் மிக்-15, அப்புறம் மிக்-21-ன் ஆரம்ப ரகம் எல்லாம் உரிமம் வாங்கித் தயாரிச்சாங்க. ரெண்டு, இரும்புத்திரைக்குப் பின்னாடி மேற்கத்திய கிட் கிடைக்கிறது கஷ்டம். கிடைக்காத ஊர்லதான் கையால செஞ்சுக்கற பழக்கம் வளரும். மூணு, 1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தனியார் தொழிலுக்குக் கதவு திறந்துச்சு. பணம் இல்லை, திறமை இருக்கு. நிலவறை போதும்ங்கிற தொழில் இதுக்கு அச்சா பொருந்துச்சு.

கூடவே இன்னொரு கதவும் திறந்துச்சு. மேற்கு நாட்டுக்காரங்க மங்கலான படத்தில் மட்டும் பார்த்த சோவியத் விமானங்கள் மியூசியத்திலும் விமானக் கண்காட்சிகளிலும் கிட்டப் போய்ப் பார்க்கிற தூரத்துக்கு வந்துச்சு. காக்பிட்டுக்குள்ள எட்டிப் பார்க்கலாம். டேப் வெச்சு அளக்கலாம். சோவியத் காக்பிட்டுக்குள்ள பூசற அந்தப் பச்சை கலந்த நீல நிறத்தை நேரில் பார்த்துப் பெயின்ட் கலக்கலாம். ஊகத்தின் காலம் முடிஞ்சு அளவெடுக்கற காலம் தொடங்கிச்சு.

பட்டறைக்குள் வந்த பிரிண்டர்

அப்புறம் நடந்தது வேடிக்கை. உதிரி பாகம் வித்த எடுவார்ட் தானே முழுக் கிட் செய்ய ஆரம்பிச்சுது. ஒரே விமானத்தை ரெண்டு விதமா விக்கிறாங்க: எளிமையான ‘வீக்எண்ட்’ பதிப்பு, பித்தளைப் பாகங்கள் சேர்ந்த ‘ப்ரொஃபிபேக்’ பதிப்பு. ஆஃப்டர்மார்க்கெட் பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துடுச்சு.

அடுத்து 3டி பிரிண்டிங். ரஷ்யாவோட குவின்டா ஸ்டுடியோ மாதிரி கம்பெனிகள் முழு டேஷ்போர்டையும் மீட்டர்கள், சுவிட்சுகள், நிறம் எல்லாத்தோடும் மேடாக அச்சடிச்சு ஸ்டிக்கர் மாதிரி கொடுக்கறாங்க. வெட்டி ஒட்டினா போதும். மணிக்கணக்கா பூதக்கண்ணாடி வெச்சுப் பண்ணின வேலை சில நிமிஷத்தில் முடியுது. ரெசின் பாகங்களும் இப்ப கம்ப்யூட்டரில் வரைஞ்சு நேரடியா பிரிண்ட் ஆகுது. வீட்டு மேஜையில வைக்கிற பிரிண்டர்லயே செய்யலாம். முதல் மாதிரியைக் கையால செதுக்கின கைவினைஞர்களுக்கு இடம் குறைஞ்சுக்கிட்டே வருது. நிலவறையில ஆரம்பிச்ச தொழில் இப்ப படுக்கையறைக்கே வந்துடுச்சு.

பேய்க்கு ஒரு காக்பிட்

இப்ப எஃப்-19 கதையை ஞாபகப்படுத்திக்கோங்க.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்ச முதல் நாட்களில் ‘கீவ் நகரப் பேய்’னு ஒரு கதை பரவிச்சு. ஒரே ஒரு மிக்-29 பைலட் தனியாளா வரிசையா எதிரி விமானங்களை வீழ்த்திட்டார்னு. உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் உக்ரைன் விமானப்படையே சொல்லிடுச்சு: அப்படி ஒரு தனி மனிதர் இல்லை, நம்ம விமானிகள் எல்லாரையும் சேர்த்துக் குறிக்கிற ஒரு வீரக்கதைன்னு. அதே வருஷம் கீவ் நகரத்தின் ஐ.சி.எம். கம்பெனி அந்தப் பேரிலேயே ஒரு மிக்-29 கிட் கொண்டுவந்துச்சு.

எனக்கு அவங்களைக் குறை சொல்லத் தோணலை. குண்டு விழற ஊர்ல இருந்துக்கிட்டு தன் ஊர் நம்பிக்கையைப் பெட்டியில போட்டாங்க, அவ்வளவுதான். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. எஃப்-19-ல் விமானமே கற்பனை. இங்க விமானம் நிஜம், அதை ஓட்டினதாச் சொன்ன ஆள் கற்பனை. நீங்க மேலும் காசு போட்டுப் பிரமாதமான ரெசின் சீட்டும் பித்தளைப் பட்டையும் வாங்கி அதுக்குள்ள வைக்கலாம். ஒவ்வொரு சுவிட்சும் சரியா இருக்கும். உட்கார்ந்த ஆள் மட்டும் இருந்ததே இல்லை.

விவரத்துக்கு ஒரு அதிகாரம் இருக்கு. சின்னச் சின்ன விஷயம் சரியா இருந்தா, பெரிய விஷயமும் சரியாத்தான் இருக்கும்னு நம்ம மனசு முடிவு பண்ணிடும். மாடலுக்கு மட்டும் இல்லை, செய்திக்கும் சினிமாவுக்கும் ஃபார்வர்டுக்கும் இது பொருந்தும்.

இருக்கை

அப்ப இந்த விவரமெல்லாம் வீண்தானா? இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். காரணம் நம்ம நாட்டு மிக்-21.

1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை பெற்றுச்சு. 62 வருஷம். வங்கதேசப் போர் முதல் கார்கில் வரை பறந்த விமானம். இன்னொரு பக்கமும் இருக்கு. 2012-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: இந்தியா வாங்கின 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயிடுச்சு. இறந்த பைலட்டுகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர். மிக்-21 மட்டும் இல்லை, எல்லா மிக் ரகமும் சேர்ந்த கணக்கு இது.

இந்த எண்களைத் தெரிஞ்சுக்கிட்டு மிக்-21 கிட்டைப் பாருங்க. ஆஃப்டர்மார்க்கெட்டில் எல்லாரும் முதல்ல மாத்தற பாகங்களில் ஒண்ணு எஜெக்‌ஷன் சீட். அவசரத்தில் பைலட்டை விமானத்துக்கு வெளியே தூக்கி எறியற இருக்கை. அளவில் ரெண்டரை சென்டிமீட்டர் சொச்சம். கண்ணாடி மூடியைத் திறந்து வெச்சா கண் முதல்ல போற இடம் அதுதான், அதனால மாத்தறாங்க. ஆனா அதைச் சரியாச் செய்யணும்னா தேட வேண்டியிருக்கும். எந்த ரகத்துக்கு எந்த சீட்? கைப்பிடி எங்க இருக்கு? பட்டை தோளில் எப்படி வருது? காலை எதுக்குப் பின்னால இழுத்துக் கட்டணும்? தேடத்தேட அது வெறும் பாகமா இருக்காது. வேகமா, தாழ்வா பறக்கிற விமானத்துல இருந்து வெளியே குதிக்க ஒரு இருபது சொச்சம் வயசுப் பையனுக்கு எத்தனை நொடி கிடைச்சிருக்கும்னு புரியும்.

1942-ல் மாணவர்கள் செஞ்ச கறுப்பு மாதிரிகள் வெளியில இருந்து பார்க்கக் கத்துக்கொடுத்துச்சு: யார் எதிரி, யார் நம்ம ஆள். இந்தச் சின்ன சீட் உள்ள இருந்து பார்க்கக் கத்துக்கொடுக்குது: அங்க உட்கார்ந்திருந்தது யார். அலமாரியில உட்கார்ந்திருக்கிற விமானத்துக்கு எதுக்கு இவ்வளவு செலவுங்கிற கேள்விக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்.

ஆரம்பிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு ரெண்டே யோசனை. முதல் கிட்டுக்கு எல்லாத்தையும் வாங்கிக் குவிக்காதீங்க, சீட் ஒண்ணு மட்டும் வாங்குங்க. ரெசினை அறுக்கறப்பவும் தேய்க்கறப்பவும் மாஸ்க் போட்டுக்கோங்க, தண்ணி தொட்டுத் தேயுங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

உங்க வீட்டில விமானப்படையில வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்க உட்கார்ந்த, இல்லைன்னா பழுது பார்த்த சீட்டைப் பத்திக் கேளுங்க. எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காத விவரம் அவங்ககிட்ட இருக்கும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.